இல்லத்தின் அந்தரங்கம் ஒரு கூட்டுக் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன்புவரை நம் வீட்டுக் கருவிகள் ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரே வேலையைச் செய்தன. தொலைக்காட்சி படம் காட்டியது, ஏ.சி. அறையைக் குளிர்வித்தது, அழைப்பு மணி ஒலித்தது. அவற்றின் பணி நான்கு சுவர்களுக்குள் தொடங்கி அங்கேயே நிறைவுற்றது. இன்று அதே கருவிகள் இணைய இணைப்புடன் விற்பனைக்கு வருகின்றன. தொலைக்காட்சி, ஏ.சி., கண்காணிப்புக் கேமரா, குரலுக்குப் பதிலளிக்கும் ஒலிபெருக்கி, தரை துடைக்கும் ரோபோ, கதவுப் பூட்டு, மின்விளக்கு, குழந்தைகளின் பொம்மை எனப் பட்டியல் ஆண்டுதோறும் நீள்கிறது. இவை தமக்குரிய வேலையுடன் வேறொரு வேலையையும் செய்கின்றன. வீட்டில் நிகழ்வனவற்றைக் குறித்துக்கொண்டு, தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகின்றன.

இக்கருவிகளால் விளையும் நன்மைகளை மறுப்பதற்கில்லை. வெளிநாட்டில் பணிபுரியும் மகள், ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையரின் நலத்தைக் கேமரா வழியே அறிந்து நிம்மதி அடைகிறாள். கண்பார்வை குன்றிய முதியவர், குரலாலேயே விளக்கை ஏற்றவும் செய்தி கேட்கவும் முடிகிறது. பூட்டிய வீட்டின் வாயிலில் யார் நிற்கிறார் என்பதை அலுவலகத்திலிருந்தே பார்க்க முடிகிறது. ஆகவே, இக்கருவிகளை வீட்டுக்குள் சேர்க்கலாமா கூடாதா என்பது இக்கட்டுரையின் கேள்வியன்று.

வங்கியில் கணக்குத் தொடங்கும்போது, பணம் யாரிடம் இருக்கும், யார் எடுக்கலாம், கணக்கை எவ்வாறு முடிப்பது என்பனவற்றை அறிந்தே நாம் கையொப்பமிடுகிறோம். ஒருவருக்கு மேற்பட்டோர் பெயரில் உள்ள கணக்கெனில், அனைவரின் கையொப்பமும் பெறப்படுகிறது. ஆனால் கருவி ஒன்றை வீட்டில் பொருத்தும்போது, பல பக்க விதிமுறைகளின் இறுதியிலுள்ள ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை வீட்டிலுள்ள ஒருவர் மட்டும் அழுத்துகிறார். பதிவு செய்யப்படுவதோ அந்த வீட்டில் வாழும் அனைவரின் வாழ்க்கையும். இல்லத்தின் அந்தரங்கம் என்பது கூட்டுக் கணக்கு. அதை ஒற்றைக் கையொப்பத்தில் இயக்கி வருகிறோம். இதனால் என்ன நேர்கிறது, அதைச் சீர்செய்வது எப்படி என்பவற்றை இங்கு காண்போம்.

நாம் பார்ப்பதைப் பார்க்கும் தொலைக்காட்சி

ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில், திரையில் ஓடுவது எது என்பதைத் தானாகவே அறிந்துகொள்ளும் வசதி ஒன்று உள்ளது. திரையில் தோன்றும் படத்திலிருந்து சில புள்ளிகளை அது நொடிக்கு நொடி எடுக்கிறது. அவற்றைக் கைரேகை போன்ற ஒரு சிறு குறிப்பாகச் சுருக்குகிறது. பின்னர் தொலைவிலுள்ள தரவுத்தளத்தில் அதை ஒப்பிட்டு, ஓடுவது இன்ன நிகழ்ச்சி என அறிகிறது. திரையையே வாசிப்பதால், படம் எவ்வழியே வருகிறது என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. செட்டாப் பெட்டி வழியே வந்தாலும், டிவிடியில் ஓடினாலும் அதனால் இனங்காண இயலும்.

இதனால் எழுந்த வழக்குகளில் குறிப்பிடத்தக்கது அமெரிக்காவின் விசியோ நிறுவனத்தைப் பற்றியது. 1.1 கோடி தொலைக்காட்சிகளிலிருந்து, பார்ப்பவர்களின் ஒப்புதலின்றி, அவர்கள் பார்ப்பதை நொடிக்கு நொடி அந்நிறுவனம் சேகரித்ததாக அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையமும் நியூ ஜெர்சி மாநில அரசும் குற்றஞ்சாட்டின. சேகரித்த விவரங்களுடன் வீட்டாரின் வயது, வருமானம், திருமண நிலை, கல்வி போன்றவையும் சேர்க்கப்பட்டுப் பிற நிறுவனங்களுக்கு விற்கப்பட்டதாகவும் அவை கூறின. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. டிவியின் அமைப்புகளில் அந்த வசதிக்குத் தரப்பட்டிருந்த விளக்கம், நிகழ்ச்சிகளைப் பரிந்துரைப்பதற்கானது என்ற தோற்றத்தையே அளித்தது. பார்ப்பதெல்லாம் பதிவாகிறது என்று அதில் சொல்லப்படவில்லை.

குரல்வழி இயங்கும் ஒலிபெருக்கிகளின் செயல்பாட்டையும் அறிந்துகொள்வது நலம். இவை தமக்கு இடப்பட்ட பெயரைக் கேட்கும்வரை காத்திருக்கின்றன. அப்பெயர் காதில் விழுந்ததும், அதன்பின் பேசப்படுவதைப் பதிவுசெய்து சர்வருக்கு அனுப்புகின்றன. அப்பெயரைப் போல் ஒலிக்கும் வேறொரு சொல்லைக் கேட்டு, அழைக்காதபோதும் விழித்துக்கொள்வது உண்டு. அமேசானின் அலெக்சா பதிவுகளில் ஒரு பகுதியை, கருவியின் புரிதலை மேம்படுத்தும் பொருட்டு ஊழியர்கள் கேட்டு எழுதுகின்றனர் என்பதும், அவ்வாறு கேட்கும் குழுக்கள் இந்தியாவிலும் இருந்தன என்பதும் 2019 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் வழியே வெளியாயின. குழந்தைகளின் குரல் பதிவுகளைக் கால வரம்பின்றி வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டின்பேரில், 2023இல் அதே நிறுவனம் 2.5 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது.

தரை துடைக்கும் ரோபோவும் இவ்வரிசையில் இடம்பெறுகிறது. மேசை கால்களில் மோதாமல் செல்வதற்காக அது வீட்டின் வரைபடத்தைத் தயாரிக்கிறது. சிலவற்றில் கேமராவும் உண்டு. ஐரோபாட் நிறுவனத்தின் சோதனைக் கருவிகள் 2020இல் எடுத்த படங்கள் சில, சமூக வலைத்தளக் குழுக்களில் வெளியானதை 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ் வெளிக்கொணர்ந்தது. கழிப்பறையிலிருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றுள் ஒன்று. படங்களில் உள்ள பொருள்களுக்குப் பெயர் குறிக்கும் பணி வெனிசுவேலாவிலிருந்த ஒப்பந்தப் பணியாளர்களிடம் தரப்பட்டிருந்தது. அங்கிருந்தே படங்கள் பரவின. அக்கருவிகள் கடைகளில் விற்கப்பட்டவையல்ல என்றும், சோதனையில் பங்கேற்றோர் எழுத்துவழி ஒப்புதல் அளித்திருந்தனர் என்றும் நிறுவனம் விளக்கியது. ஒப்புதல் அளித்த பின்னரும் தம் படங்கள் எத்தனை கைகள் மாறும் என்பதைப் பங்கேற்றோர் அறிந்திருக்க வழியில்லை என்பதையே இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

சிறு துளிகள் சேரும்போது

‘நான் எந்தத் தொடர் பார்க்கிறேன் என்பதை யாரோ அறிந்தால் என்ன? மறைப்பதற்கு என்னிடம் எதுவுமில்லையே’ என்று கூறுவோர் பலர். தனித்த ஒரு தகவலைப் பொறுத்தவரை அவர்கள் கூறுவது சரியே. ஆனால் தகவல்கள் தனித்து நிற்பதில்லை. பாஸ்புக்கின் ஒரு வரியைக் கொண்டு கணக்குதாரரைப் பற்றி எதையும் சொல்ல இயலாது. ஆறு மாத வரவு செலவை வரிசையாகப் படிப்பவரோ, அவருடைய ஊதிய நாள், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் பள்ளி, கோயில் காணிக்கைவரை அனைத்தையும் அறிந்துவிடுவார். கருவிகள் சேகரிக்கும் குறிப்புகளும் அத்தகையனவே.

மின்மீட்டர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒவ்வொரு மின்கருவியும் இயங்கத் தொடங்கும்போது மின் பயன்பாட்டில் தனக்கே உரிய ஏற்றத்தை உண்டாக்குகிறது. குளிர்பதனப் பெட்டியின் ஏற்றம் ஒருவகை. தண்ணீர் மோட்டாரின் ஏற்றம் வேறுவகை. வீட்டுக்கு வெளியேயுள்ள மீட்டரை மட்டும் நுணுக்கமாகப் படித்து, உள்ளே எந்தக் கருவி எப்போது இயங்குகிறது என்று கண்டறியலாம் என்பதை 1980களிலேயே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஹார்ட் ஆராய்ந்தார். இந்த முறையை உளவறியவும் பயன்படுத்த முடியும் என 1989இல் அவரே எச்சரித்து எழுதினார். வீட்டார் எப்போது உறங்குகின்றனர், எப்போது வெளியூர் செல்கின்றனர் என்பனவற்றை மின் பயன்பாட்டின் ஏற்ற இறக்கமே காட்டிவிடும்.

நம் நாட்டில் சுமார் 25 கோடி பழைய மீட்டர்களை ஸ்மார்ட் மீட்டர்களாக மாற்றும் இலக்குடன் பணிகள் நடைபெற்று வருகின்றன. மின் இழப்பைக் குறைக்கவும், பயன்பாட்டைச் சரியாகக் கணக்கிடவும் இவை தேவையானவை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நேப்பர்வில் நகராட்சி 15 நிமிடங்களுக்கு ஒருமுறை மின் பயன்பாட்டைப் பதிவு செய்ததை எதிர்த்து வழக்கு எழுந்தது. அப்பதிவு இல்லத்தின் உள்நிகழ்வுகளை வெளிப்படுத்தக்கூடியது என்பதால் அரசு நடத்தும் ‘சோதனை’க்கு ஒப்பானதே என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மின் விநியோகத்தைச் சீர்படுத்தும் நோக்கத்தில் மட்டுமே அது செய்யப்படுவதால் நியாயமானது என்றும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. தகவலைச் சேகரிப்பது ஒன்று. எந்த நோக்கத்துக்காகச் சேகரிக்கப்பட்டதோ அதற்கு அப்பால் பயன்படுத்துவது வேறொன்று. அந்தரங்கம் குறித்த விவாதம் முழுவதும் இவ்வேறுபாட்டைச் சார்ந்தே நிற்கிறது.

காவலுக்கு வைத்த கண்

பாதுகாப்புக்கென நாம் வாங்கும் கருவிகளில் முதன்மையானது கேமரா. 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட் நகரிலுள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண் நோயாளிகள் பரிசோதிக்கப்படும் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. யூடியூபில் முன்னோட்டம் காட்டி, டெலிகிராம் குழுக்களில் பணம் பெற்று அவை விற்கப்பட்டன. காவல்துறை விசாரித்தபோது, பல மாநிலங்களில் மருத்துவமனைகள், பள்ளிகள், அலுவலகங்கள் மட்டுமின்றி வீட்டுப் படுக்கையறைகளில் இருந்த கேமராக்களும் ஊடுருவப்பட்டிருந்தது வெளிப்பட்டது. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களே ஊடுருவியோருக்கு வழி திறந்துவிட்டன.

கருவியுடன் தொழிற்சாலையிலிருந்தே வரும் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, பூட்டை வாங்கி அதன் சாவியைப் பூட்டிலேயே விட்டுச் செல்வதற்குச் சமம். 2016 அக்டோபர் 21 அன்று டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல இணைய சேவைகள் அமெரிக்காவில் பல மணிநேரம் முடங்கின. மிராய் என்னும் தீநிரல், உலகெங்கும் இருந்த கேமராக்கள், காட்சிப் பதிவுப் பெட்டிகள், ரூட்டர்கள் ஆகியவற்றைக் கைப்பற்றி அத்தாக்குதலை நடத்தியிருந்தது. அதனிடம் இருந்த ஆயுதம், தொழிற்சாலைகள் வழக்கமாக இடும் சுமார் 60 பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளின் பட்டியல் மட்டுமே. தங்கள் வீட்டுக் கேமரா தாக்குதலில் பங்கேற்றதை அதன் உரிமையாளர்கள் அறியவே இல்லை.

அந்நியர் மட்டுமே ஊடுருவுவர் என்பதும் இல்லை. ரிங் நிறுவனத்தின் கேமராக்கள் பதிவுசெய்த வாடிக்கையாளர் காட்சிகளை அதன் ஊழியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் தடையின்றிப் பார்க்க முடிந்தது என்றும், ஓர் ஊழியர் பெண்களின் அந்தரங்க அறைக் காட்சிகளை மாதக்கணக்கில் பார்த்துவந்தார் என்றும் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. 58 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது.

இத்தகைய படிப்பினைகளால் அரசுகள் விதிகளை இறுக்கி வருகின்றன. அனைத்துக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதை 2024 ஏப்ரல் முதல் பிரிட்டன் தடைசெய்தது. நம் நாட்டில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இல் வெளியிட்ட நடைமுறைக் குறிப்பும் இதையே முதல் நெறியாக வலியுறுத்துகிறது. கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பின்னரே விற்பனைக்கு வரவேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் வாங்கி மாட்டிய கேமராக்களைப் பாதுகாக்கும் பொறுப்பு நம்முடையதே.

கையொப்பம் கேட்கப்படாதவர்கள்

இதுவரை கூறியது வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள சிக்கல். வீட்டுக்குள்ளேயே உள்ள சிக்கல் குறைவாகவே பேசப்படுகிறது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி கே.எஸ். புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை ஒவ்வொரு தனிமனிதருக்கும் உரியது. குடும்பத் தலைவருக்கு மட்டும் உரியதன்று.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ கையாளும் தரவுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. கூடத்தில் கேமரா வைத்த வீட்டு உரிமையாளர், அதில் பதிவாகும் பணிப்பெண்ணிடம் ஒப்புதல் பெறவேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். அந்த எல்லைக்கு இப்பால் உள்ள பரந்த இடத்தில் சட்டம் பெரும்பாலும் மௌனமாக இருக்கிறது. அங்கே நம் மனச்சான்றும் பண்பாடும்தான் காவல்.

கைப்பேசியில் செயலியை நிறுவியவரிடமே எல்லா அதிகாரமும் குவிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கதவு எந்நேரம் திறந்தது, யார் வந்தார், எந்த அறையில் ஏ.சி. எவ்வளவு நேரம் ஓடியது, ஒலிபெருக்கியிடம் என்ன கேட்கப்பட்டது என்பன எல்லாம் அவர் ஒருவர் விரல் நுனியில் உள்ளன. மருமகள் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நேரத்தை அலுவலகத்தில் இருந்தபடி கணக்கிடுவது பாதுகாப்பு ஆகாது. தந்தையின் நலம் நாடி அவர் அறையில் மாட்டிய கேமரா, அவர் உடை மாற்றும் நேரத்திலும் கண் மூடுவதில்லை. ‘பிள்ளை அக்கறையாகத்தானே வைத்திருக்கிறான்’ என்று அவர் வாய்திறவாது இருக்கலாம். அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது முறையன்று. சமையலறையில் உழைக்கும் பணிப்பெண், மாடியில் குடியிருப்பவர், அடுக்ககத்தில் எதிர்வீட்டில் வசிப்பவர் ஆகியோரும் நம் கேமராவின் எல்லைக்குள் வருகின்றனர்.

ஆகவே கருவியை வாங்கும் முன் வீட்டில் உள்ளோர் அனைவரையும் அமர்த்தி நான்கு கேள்விகளுக்கு விடை காண்பது நன்று. எதற்காக வைக்கிறோம்? எங்கே வைக்கிறோம்? யார் யார் பார்க்கலாம்? எத்தனை நாள் பதிவை வைத்திருப்போம்? வாயிலுக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் கேமரா போதும் என்ற முடிவுக்கே பல குடும்பங்கள் வரக்கூடும். வீட்டுக்குள் தேவையெனில், எந்நேரத்தில் அணைத்துவைக்கலாம் என்பதை அங்கு வாழ்பவரே முடிவு செய்யட்டும். பணிக்கு வருவோரிடம் கேமரா இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுவது மரியாதை. வாயில் கேமரா எதிர்வீட்டுக் கதவை நோக்காதவாறு திருப்பிவைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் நன்மை.

வங்கிக் கணக்கும் வீட்டுக் கருவிகளும்

வங்கிச் செயலியில் நிகழும் பரிமாற்றங்கள் மறைகுறியாக்கப்பட்டே பயணிக்கின்றன. எனவே, அதே வைஃபையில் ஒரு ஸ்மார்ட் விளக்கு இருப்பதாலேயே நம் கணக்கு விவரங்கள் கசிந்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. ஆபத்து பெரும்பாலும் வேறு வழிகளில் வருகிறது.

முதலாவது, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவது. கேமரா செயலிக்கு இட்ட கடவுச்சொல்லையே மின்னஞ்சலுக்கும் நெட் பேங்கிங்குக்கும் இட்டிருந்தால், எங்கோ ஒரு சிறு நிறுவனத்தின் சர்வரில் நிகழும் கசிவு நம் சேமிப்பின் கதவைத் தட்டும்.

இரண்டாவது, நம்பகத்தன்மையை ஏற்படுத்தும் மோசடி. நம் வீட்டில் எந்த நிறுவனத்தின் கருவி உள்ளது, எப்போது வாங்கினோம் என்பதை அறிந்த ஒருவர் அழைத்தால் நாம் எளிதில் நம்பிவிடுகிறோம்.

மூன்றாவது, போலி வாடிக்கையாளர் சேவை எண். கருவி பழுதுபட்டதும் இணையத்தில் தேடிக் கிடைக்கும் முதல் எண்ணை அழைப்பது பலரின் வழக்கம். அந்த எண் மோசடிக்காரர் இட்டதாகவும் இருக்கலாம். பழுதுநீக்கப் பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் எனத் தொடங்கி, கைப்பேசித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் செய்து, நாம் தட்டச்சிடும் பின் எண்ணையும் ஓ.டி.பி.யையும் அவர் பார்த்துவிடுவார். கருவியின் கையேட்டிலோ உத்தரவாத அட்டையிலோ அச்சிடப்பட்ட எண்ணை மட்டுமே பயன்படுத்துக.

நான்காவது, கண்ணுக்குத் தெரியும் எளிய கவனக்குறைவு. கைப்பேசித் திரையை டிவியில் காட்டிக்கொண்டிருக்கும்போது வரும் ஓ.டி.பி. குறுஞ்செய்தி, கூடத்தில் உள்ள அனைவருக்கும் தெரியும். கேமராவின் பார்வைக்குள் அமர்ந்து பின் எண்ணை இடுவதும், காசோலையில் கையொப்பமிடுவதும் தவிர்க்கத்தக்கவை.

எவ்வளவு விழிப்பாக இருந்தும் அனுமதியற்ற பரிவர்த்தனை நிகழ்ந்துவிட்டால், நேரமே செல்வம். உடனே வங்கிக்குத் தெரிவித்துக் கார்டையோ கணக்கையோ முடக்கச் செய்க. 1930 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் அளிக்க வேண்டும். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி வேறிடத்தில் நிகழ்ந்த கசிவெனில், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பின் சுமை இல்லை என 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது. தாமே ஓ.டி.பி.யைப் பகிர்ந்திருப்பின், தெரிவிக்கும்வரை நேரும் இழப்பை வாடிக்கையாளரே ஏற்க நேரும்.

சட்டம் தரும் உரிமைகள்

2023ஆம் ஆண்டின் சட்டம் நமக்குச் சில தெளிவான உரிமைகளை வழங்குகிறது. எந்தத் தரவு எதற்காகச் சேகரிக்கப்படுகிறது என்பதை நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகள் 22இல் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைத் தரவேண்டும். தம்மிடமுள்ள நம் தரவைப் பற்றிக் கேட்டறியவும், திருத்தவும், அழிக்கக் கோரவும் நமக்கு உரிமை உண்டு. தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாத கால அவகாசத்துக்குப் பின்னரே நடைமுறைக்கு வருமாறு அவை வகுக்கப்பட்டுள்ளன. சட்டம் தரும் காப்பு முழுமை பெறும்வரை காத்திராமல் நாமே செய்துகொள்ளத்தக்கவை பல உள்ளன.

வாங்குவது முதல் கைமாற்றுவது வரை

வாங்கும் முன்: இணைய இணைப்பு உண்மையில் தேவைதானா எனச் சிந்திக்கவும். பாதுகாப்பு மேம்படுத்தல்கள் எத்தனை ஆண்டு வழங்கப்படும் என விற்பனையாளரிடம் கேட்கவும். மேம்படுத்தல் நின்றுபோன கருவி, பழுதற்ற நிலையில் இயங்கினும் பாதுகாப்பற்றது.

பொருத்தும் நாளில்: தொழிற்சாலைக் கடவுச்சொல்லை உடனே மாற்றவும், பொருத்த வந்தவரிடம் அமைக்கும் பொறுப்பைத் தந்திருந்தால், அவர் சென்றபின் மீண்டும் மாற்றவும். இரட்டை அடையாளச் சரிபார்ப்பு இருப்பின் அதை இயக்கவும். பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினருக்கெனத் தனி வைஃபை அமைக்கலாம். வீட்டுக் கருவிகளை அதில் இணைத்து, கணினியையும் கைப்பேசியையும் முதன்மை வைஃபையில் வைத்துக்கொள்ளலாம். விளக்கை இயக்கும் செயலி தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க அனுமதி கேட்டால் மறுக்கவும்.

பயன்படுத்தும் காலத்தில்: டிவியின் அமைப்புகளில் ‘தனியுரிமை’ அல்லது ‘பார்வைத் தகவல்’ போன்ற தலைப்பின்கீழ் உள்ள சேகரிப்பு அனுமதிகளை அணைக்கவும்; படம் பார்ப்பதற்கு அது தடையாகாது. ஒலிபெருக்கியின் குரல் பதிவுகளை அதன் செயலியில் பார்த்து அழிக்கலாம். முக்கியமாகப் பேசும்போது ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தானைப் பயன்படுத்தலாம். ரூட்டர் உட்பட அனைத்துக் கருவிகளின் மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பிக்கவும். கணினியிலோ கைப்பேசியிலோ தீநிரல் புகுந்திருக்கும் என ஐயுற்றால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா வழங்கும் இலவசக் கருவிகள் உதவும்.

கைமாற்றும்போது: பண்டிகைக் காலச் சலுகையில் பழைய டிவியைக் கொடுத்துப் புதியது வாங்குவோர் அதிகம். அப்பழைய டிவியில் நம் மின்னஞ்சல், சந்தாக்கள், வைஃபை கடவுச்சொல் ஆகியவை தங்கியிருக்கும். கணக்கிலிருந்து கருவியை நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்த பின்னரே கொடுக்கவும். வாடகை வீட்டிலிருந்து புறப்படும்போதும், புதிய வீட்டில் குடிபுகும்போதும் கதவுப் பூட்டு, கேமரா ஆகியவற்றின் பயனர் பட்டியலைச் சரிபார்க்கவும். பழைய குடியிருப்பாளரின் கைப்பேசியில் நம் வாயில் இன்னும் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இவற்றைச் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதுமானது. அந்த வேளையில் வீட்டிலுள்ள இணையக் கருவிகளை ஒரு தாளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் யார் கைப்பேசியில் இயங்குகிறது, எதைப் பதிவுசெய்கிறது என எழுதுங்கள். பிறகு அத்தாளை வீட்டிலுள்ள அனைவரிடமும் காட்டுங்கள். தாத்தா பாட்டியிடமும், பள்ளி செல்லும் பிள்ளைகளிடமும், நாள்தோறும் வந்து பணிசெய்பவரிடமும் காட்டுங்கள். அவர்களுள் யாரேனும் ஒருவர் ‘இது வேண்டாம்’ என்று ஒரு வரியைச் சுட்டினால், அந்தக் கருவியை அணைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.